இசக்கியின் கை மூடுகிற வரைக்கும்

“ஓடிப் போறவன் எவனாவது வூட்டுச் சாவிய எடுத்துகினு போவானாடி?”

சுந்தராம்பாள் கேட்டது மாவு மில்லின் இரண்டு மெஷின் சத்தத்தையும் தாண்டி வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. யாருக்காகக் கேட்டாளோ அந்தச் செங்கமலம், எதிர் வீட்டுக்காரி, மிளகாய்த் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மிளகாய் நெடிக்கா, வெட்கத்துக்கா என்று சொல்ல முடியாது.

“நான் இன்னாக்கா சொல்லிட்டேன்? ஊரு பேசுறத சொன்னேன். அந்தத் தெக்கத்திப் பொண்ணு கைய ஒடச்சிகினு ஊருக்குப் போச்சு. பின்னாடியே உங்க வூட்டுக்காரும் பையத் தூக்கிகினு அதே ஊருக்குப் போய்ட்டாரு. பொங்கலுக்கும் வரல. பேச மாட்டாங்களா?”

“அந்தக் கை எதனால ஒடஞ்சுதுன்னு ஊருக்குத் தெரியாதா?”

“தெரியுமே. அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு பாவம்? ஆயுத பூஜை, தண்ணி போட்டிருந்தாரு, என்னமோ ஆயிப்போச்சு. அன்னிக்கு எந்த வூட்டு ஆம்பள போடல? நீயேதானேக்கா சொல்லுவ, எங்க வூட்டுக்காரு தங்கம், உள்ள போற சரக்குதான் பொல்லாததுன்னு.”

அது சுந்தராம்பாள் சொன்ன பேச்சேதான். கல்யாணமான நாளிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சொல்லி, இப்போது அடுத்தவள் வாயில் கூட அப்படியே அச்சுப் பிசகாமல் வருகிறது. அவள் மாவுப் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சொன்னேன்தான். இனிமே சொல்ல மாட்டேன். சரக்குக்குக் கையா இருக்குது, காலா இருக்குது, பூசணிக்காயத் தூக்கி ரோட்டுல போட்டு உடைக்க? எங்க வூட்டுக்காருதான் உடச்சாரு. அதுக்குத்தான் போய்க்கீறாரு. இத ஊர்ல போய்ச் சொல்லு.”

சொல்லிவிட்டு நடந்தாள். அவளுடைய வலது கை மட்டும் பையின் காதைப் பிடிக்காமல் தன்போக்கில் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே இந்தப் பழக்கம் வந்திருக்கிறது. கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும்போதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் வாயு என்றார்கள், தைலம் தடவச் சொன்னார்கள்.

வாயு இல்லை. சாயந்தரமானால் புருஷன் கோதண்டத்திடமிருந்து போன் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற பேச்சு அதில் குறைவு. “நடு வெரலு உள்ளங்கையத் தொட்டுடுச்சு சுந்தரா. மோதிர வெரலு பாதி வருது. கட்ட வெரலுதான் அடம் பிடிக்குது,” என்பான். அவள் போனை வலது காதில் அழுத்திக்கொண்டு, உம் கொட்டிக்கொண்டு, தன் விரலை மடக்குவாள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்க மாட்டாள். பதில் கோதண்டத்திடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அது களக்காட்டுப் பக்கம் ஏதோ ஒரு வாழைத்தோப்பு ஊரில், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் உள்ளங்கையில் இருந்தது.

போனை வைத்த பிறகு வீடு பெரிதாகிவிடும். இரண்டே அறைதான். ஆனாலும் அவன் செருப்பு கிடந்த இடம், அவன் லுங்கி தொங்கிய ஆணி, எல்லாம் தனித்தனியாகத் தெரியும். பாயில் படுத்தால் வலது பக்கத்தை விட்டுவிட்டுத்தான் படுப்பாள். காலை ஷிப்டு வேன் வளைவில் திரும்பும்போது ஒலிக்கிற ஹாரனுக்கு இன்றைக்கும் எழுந்து உட்காருகிறாள். புது டிரைவர் நீளமாக அழுத்துகிறான். கோதண்டம் அப்படி அடிக்க மாட்டான். குழந்தையைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. அவ்வளவுதான். அது, அடுப்பைப் பற்றவை, ஆளை இறக்கிவிட்டு வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

கோதண்டம் யார் என்று தெரியாமல் அவனைத் திட்டினால் எப்படி? அதையும் சொல்லியாக வேண்டும்.

அவன் அப்பன் காலத்தில் ஏர் பிடித்த குடும்பம். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போனபின் அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். கான்ட்ராக்டரின் வேனில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் வேலை. ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் எந்தச் சந்தில் எந்தப் பிள்ளை அறை எடுத்துத் தங்கியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். யாராவது ஒருத்தி வர நேரமானால், மற்றவர்கள் என்ன கத்தினாலும், வேனை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பான். அவள் ஓடி வந்து ஏறுகிற வரைக்கும் அந்தக் கண்ணாடியில் அழுக்கு போகாது. வண்டி எடுக்கிற நாளில் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டான். லீவு நாளிலும் பண்டிகையிலும் குடிப்பான். குடித்தால் வேறு ஆள். மறுநாள் காலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “இன்னா பண்ணேன்னே ஞாபகம் இல்ல சுந்தரா. நான் இல்ல அது, சரக்கு,” என்பான். அவளும் ரசம் வைத்துக் கொடுப்பாள்.

அவளுக்கு இடது காது கேட்காது. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், சின்ன வயதில் கிணற்றில் குதித்தபோது தண்ணீர் போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தாள். கோதண்டம் அவளோடு பேச வந்தால் எப்போதும் வலது பக்கமாகத்தான் வந்து உட்காருவான். அவன் ஏன் அந்தப் பக்கமாகவே வருகிறான் என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

இசக்கி அவனுடைய வேனில் வந்த பெண்தான். பொடிப் பொடிச் சாமானைச் சர்க்யூட் பலகையில் பொருத்துகிற லைனில் வேலை. விரல் ஓடுகிற வேகத்துக்குத்தான் அங்கே மரியாதை. அவள் ஊர் வழக்கப்படி அவனை “அண்ணாச்சி” என்று கூப்பிடுவாள். இந்தப் பக்கத்தில் மளிகைக் கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். வேனில் மற்ற பெண்கள், “அண்ணாச்சி, அரை கிலோ துவரம் பருப்பு,” என்று கேலி செய்வார்கள். கோதண்டத்துக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பான். பிறகு ஓவர்டைம் முடிகிற நேரத்துக்கு வேன் ஒத்து வராமல் அவள் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினாள். அப்புறமும் சாலையில் வேனைப் பார்த்தால் கையை ஆட்டிவிட்டுத்தான் போவாள்.

ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கினது சுந்தராம்பாள். சந்தையில் இருந்ததிலேயே பெரிதாகப் பார்த்து எடுத்தாள். மேலே சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமத்தையும் சில்லறையையும் போட்டு மூடி, அவள்தான் வேனில் ஏற்றி அனுப்பினாள். வேன் நிறுத்துகிற இடத்தில் டயர் கடை நாகப்பன், மெக்கானிக் ஷாப்பு, டீக்கடை என்று எல்லோருக்கும் அன்றைக்குப் பூஜை. சூடம் காட்டி, திருஷ்டி சுற்றி, காயைப் பிறகு உடைக்கலாம் என்று வைத்துவிட்டு, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்தபின் ஆண்கள் கடைக்குப் பின்னால் போனார்கள். எல்லா வருஷமும் நடக்கிறதுதான்.

மறுநாள் காலையில் கோதண்டம் டீக்கடைக்குப் போனபோது இசக்கி விழுந்த செய்திதான் பேச்சாக இருந்தது. இருட்டுகிற நேரம், வளைவில் திரும்பினவள், நடு ரோட்டில் கிடந்த பூசணியில் சக்கரம் வழுக்கி விழுந்திருக்கிறாள். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அதைக் கேட்டதும் கோதண்டத்துக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. டீயைக் கீழே ஊற்றிவிட்டு, “எந்த நாயிடா நடு ரோட்டுல உடச்சது? ஓரமாப் போட்டா கை வெந்துடுமா? வண்டி வர்ற எடம்னு தெரியாது? அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்,” என்று கத்தினான். கத்தக் கத்த, யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டீ ஆற்றுகிறவன் ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

நாகப்பன்தான் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான். “கோதண்டம், கத்தாத. நீதான்டா.”

“நானா?”

“ஓரமாப் போடுன்னு நான் சொன்னேன். நடு ரோட்டுல உடச்சாத்தான் திருஷ்டி போவும்னு நீதான் தூக்கிகினு ஓடின. சரி வுடு, நீ நெதானத்துல இல்ல. நாங்க யாருகிட்டயும் சொல்லல. அன்னிக்கு அந்த ரோட்டுல எவ்ளோ பூசணி. யாருதுன்னு எவன் கண்டான்?”

அன்று கோதண்டம் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னான். நேற்றுப் போட்டிருந்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தான். கை மடிப்பில் குங்குமம் இருந்தது.

“யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் சுந்தரா. பொரி துன்னது ஞாபகம் கீது. அப்புறம் ஒண்ணுமில்ல.”

“ஞாபகமே இல்லன்றப்ப நீ எப்புடி மாமா பொறுப்பு? நாகப்பன் மட்டும் இன்னா, குடிக்காமயா இருந்தான்? நீ சும்மா இரு.”

“எனக்கு ஞாபகம் இல்லன்றது அவ கைக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுந்தராம்பாள் ஆப்பிள் வாங்கிப் போனாள், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று. கோதண்டம் உட்காரக்கூட இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, “அந்தப் பூசணிய உடச்சது நான்தாம்மா,” என்று சொல்லிவிட்டான். இசக்கியின் அப்பா உச்சிமாகாளி ஊரிலிருந்து வந்திருந்தார். சர்க்கரையில் பார்வை மங்கிப் போன மனுஷன். குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி, “குடிச்சிருந்தியளோ?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“அப்பம் என்ன செய்ய? குடிச்சவம்ட்ட என்னத்தக் கேக்க. அவளுக்கு நேரம் சரியில்ல. விடுங்க தம்பி.”

சுந்தராம்பாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோதண்டத்தின் முகமோ அறை வாங்கினவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. இசக்கி கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நா விழுந்து கெடக்கும்போ ஒங்க வேன் பக்கத்துலதான் நின்னுச்சு. அண்ணாச்சி, அண்ணாச்சின்னு ரொம்ப நேரம் கூப்பிட்டேன். உள்ள நீங்க இருந்திய. கால் தெரிஞ்சுது. நீங்க வரலயே அண்ணாச்சி.”

அவள் குரலில் கோபம் இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவன் நினைவில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான் என்பதை அவனும் சொல்லவில்லை, சுந்தராம்பாளும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவன் குடிக்கவில்லை. தீபாவளிக்குக்கூட இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தான். தானாக வழுக்கி விழுந்தது என்று எழுதியாகிவிட்டது, அந்தப் பெண் புகார் கொடுக்கவில்லை, பூசணிக்காய் மேலா கேஸ் போடுவது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்டரும் சிரித்தார். ஊரே அவனை மன்னித்துத் தள்ளிவிட்டது. யாராவது ஒருத்தர் திட்டியிருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பானோ என்று சுந்தராம்பாளுக்கு இப்போதும் ஒரு நினைப்பு உண்டு.

அவளும் சும்மா இல்லை. குடியை நிறுத்தக் கயிறு கட்டுகிற அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டிப்போய்ப் பூசாரி முன்னால் உட்கார வைத்தாள். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கோதண்டம் கையை இழுத்துக்கொண்டான்.

“வேணாம் சாமி. குடிச்சப்ப சரக்கு பண்ணுச்சுன்னேன். இப்ப கயிறு கட்டிகினா, கயிறு நிறுத்துச்சுன்னு ஆயிடும். அப்ப நடுவுல நான் எங்க சாமி கீறேன்?”

கடவுள் காரியத்தில் கூடவா வாதம் என்று சுந்தராம்பாளுக்கு வீடு வருகிற வரைக்கும் கோபம். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் மிளகாய் விதை மாதிரி எங்கேயோ ஒட்டிக்கொண்டது.

இசக்கி ஊருக்குப் போய்விட்டாள். உள்ளே தகடு வைத்த கை, மூடவில்லை. மூடாத கைக்கு லைனில் வேலை ஏது? தினம் தினம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தால் கை மூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அப்பா வாழைத்தார் ஏற்றி ஓட்டின லோடு ஆட்டோ, கண் போனதிலிருந்து தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் நிற்கிறது. வேறு ஆள் இல்லாத வீடு. இதெல்லாம் கோதண்டம் போன் செய்து விசாரித்துத் தெரிந்துகொண்டது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

“அந்த ஆட்டோவ நான் ஓட்டுறேன்னு சொல்லிட்டேன். காலையில தாரு ஏத்தணும். அப்புறம் பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். அதுக்குக் கை மூடுற வரைக்கும் அங்க இருக்கணும்.”

“மூடலன்னா?”

அவன் ஈரக் கையைத் துண்டில் துடைத்தான்.

“நீ பண்ணதுக்கு நான் இங்க ஒண்டியாக் கெடக்கணுமா? நான் இன்னா பாவம் பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. உன்ன ஒண்டியா வுட்டுட்டுப் போறதும் நான் பண்றதுதான். அதையும் யாரு மேலயும் போட மாட்டேன்.”

இப்படிப் பேசுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? அழுது பார்த்தாள். இரண்டு நாள் சமைக்காமல் இருந்து பார்த்தாள். அவனே சமைத்து அவளுக்கும் தட்டில் போட்டு வைத்தான். உப்பு அதிகம். அதையும் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

கிளம்புகிற நாள் வந்தது. கார்த்திகைக் குளிர். விடிந்து வெகு நேரமாகியும் வெயில் வரவில்லை. வேன் சாவியை முந்தின நாளே கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டான். சுந்தராம்பாள் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், வழிக்குக் கட்டிக் கொடுக்க. அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இடது பக்கம்.

அவன் உதடு அசைவதுதான் தெரிந்தது. “இந்தப் பக்கம் வந்து சொல்லு மாமா. அந்தக் காது கேக்காதுன்னு தெரியாதா?” என்று திரும்பினாள்.

“தெரியும். அதான் இங்க குந்துனேன்.” அவள் திரும்பிய முகத்தைப் பார்த்துச் சொன்னான். “இந்தக் காது கெணத்துத் தண்ணியில போவல சுந்தரா. நான் அடிச்சேன். குடிச்சுட்டு வண்டி எடுக்கக் கூடாதுன்னு சாவிய அரிசிப் பானையில ஒளிச்சு வச்ச இல்ல, அன்னிக்கு. காலையில எழுந்து ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொன்னேன். பொய். எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. சரக்கு இல்ல. நான்தான்.”

தோசை கருகுகிற வாசனை வந்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. இந்த வார்த்தைக்காக எத்தனை காலம் காத்திருந்தாள் என்பது அது வந்து விழுந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அவனுக்காக ஊரெல்லாம் பொய் சொன்னாள், கிணற்றைக் குற்றம் சொன்னாள், சரக்கைத் திட்டினாள். ஒரு நாளும் அவனிடம் கேட்கவில்லை. கேட்காமலே வந்திருக்கிறது, கையில் பயணப் பையோடு.

“போற அன்னிக்குத்தான் சொல்லணுமா?” என்றாள். “சொல்லிட்டு இருந்திருக்கலாமில்ல.”

“சொல்லாம இருந்ததும் நான்தான்.”

அவன் எழுந்து அடுப்பை அணைத்தான். கருகின தோசையைக் கல்லிலிருந்து பெயர்த்து, அதையும் மற்றதோடு வைத்துக் கட்டிக்கொண்டான். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற ஷேர் ஆட்டோ தெரு முனையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அங்கே ரயிலைப் பிடித்துச் செங்கல்பட்டு போய், அங்கேயிருந்து தெற்கே போக வேண்டும். செருப்பை மாட்டினான். அவள் வாசலுக்கு வரவில்லை. நிலைக்கு உள்ளேயே நின்றுகொண்டாள். வந்தால் கையைப் பிடித்துவிடுவாள்.

தெருவில் இறங்கினவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான், வண்டிச் சாவியைத் தேடுகிற பழக்கத்தில். ஒன்றுமில்லை. நின்றான். திரும்பி வந்தான்.

“வூட்டுச் சாவி ஒண்ணு குடு,” என்றான்.

அவள் இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து, நகம் உடைய உடைய வளையத்தைப் பிரித்து, ஒரு சாவியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கையை மூடிக்கொண்டான்.

பிறகு அவன் நடந்தான். செங்கமலம் எதிர்வாசலில் கோலம் போட்டபடி நிமிர்ந்து பார்த்தாள். சுந்தராம்பாள் யாரையும் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வலது காதைத் தெருவுக்குக் கொடுத்து, ஆட்டோ சத்தம் வளைவு தாண்டித் தேய்ந்து போகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.